ஸ்டெப்னி இல்லாத காரில் வால்பாறை ஏறலாமா?

பொள்ளாச்சியிலிருந்து 43 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா வால்பாறையில் தனியாக இருக்கிறார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் தானே காரை ஓட்டிக்கொண்டு போய் அம்மாவைப் பார்த்துவிட்டு ஞாயிறு மாலை திரும்புவது இவர் வழக்கம். நான்கு மாதம் முன்பு பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டுப் புதிய மின்சார கார் வாங்கியிருக்கிறார். அதில் ஸ்டெப்னி கிடையாது. டிக்கியின் அடியில் ஒரு சிறிய காற்றடிக்கும் மெஷினும், பஞ்சரை அடைக்கும் திரவப் பாட்டிலும் மட்டும் இருந்தன. போன மாதம் ஆழியாறு தாண்டி மலை ஏறும்போது சாலையோரக் கூர்மையான கல்லில் உரசி இடது முன் டயரின் பக்கவாட்டில் கிழிசல் விழுந்தது. புத்தகத்தில் இருந்தபடி பாட்டில் முழுவதையும் உள்ளே செலுத்தியும் திரவம் கிழிசல் வழியாக வெளியே வழிந்ததுதான் மிச்சம். இழுவை வண்டி வர மூன்று மணி நேரம் ஆயிற்று.

"ஸ்டெப்னியைச் சட்டமே எடுத்துவிட்டது, இனி எந்தக் காரிலும் வராது" என்கிறார்களாம் ஷோரூமில். பழைய இரும்பு ரிம் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். நான்கு டயரிலும் முன்கூட்டியே திரவம் ஊற்றிவிட்டால் பஞ்சர் பயமே இல்லை என்கிறார் தம்பி. டயருக்குப் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸில் சொல்லிவிட்டார்கள். "திரவத்தை நான்தான் சரியாகச் செலுத்தவில்லையோ? காலம் மாறிய பிறகும் ஸ்டெப்னி கேட்பது என் பயந்த சுபாவமோ?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக் செலுத்தியிருந்தாலும் அந்தத் திரவம் அந்தக் கிழிசலை அடைத்திருக்காது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைக் கார் ஒப்படைத்த அன்றே உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். மலைச்சாலையில் மாதம் இருமுறை தனியாகப் போகும் ஒருவர் ஸ்டெப்னி கேட்பது நியாயமான எச்சரிக்கை. அதைப் பயம் என்று நினைக்காதீர்கள்.

சட்டம் சொல்வது என்ன?

ஷோரூமில் சொன்னது பாதி உண்மை. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஓட்டுநரையும் சேர்த்து 9 பேர் வரை அமரக்கூடிய, 3.5 டன்னுக்கு மிகாத கார்களில் மூன்று வசதிகள் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது அந்தத் திருத்தம்: டியூப்லெஸ் டயர், பஞ்சர் சரிசெய்யும் கிட், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் டி.பி.எம்.எஸ். கருவி. மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஆக, ஸ்டெப்னியைச் சட்டம் தடை செய்யவில்லை, விலக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. மூன்று வசதிகளும் உங்கள் காரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ஸ்டெப்னி இல்லை என்பதற்காக யாரும் உங்களுக்கு அபராதம் போட முடியாது. கம்பெனி மீதும் சட்டப்படி குறை சொல்ல முடியாது. கார் வாங்கும்போது கொடுத்த விவரக் குறிப்பிலோ விலைப்பட்டியலிலோ 'ஸ்பேர் வீல்' என்று எழுதியிருந்தால் கதை வேறு. அந்தத் தாளோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 'பஞ்சர் ரிப்பேர் கிட்' என்றே அச்சிட்டிருந்தால் அந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். உங்கள் சொந்தச் செலவில் ஒரு சக்கரம் வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

அந்தப் பாட்டில் எதை அடைக்கும்?

சாலையில் தொடும் பட்டைப் பகுதியில் குத்திய ஆணி, திருகு போன்றவற்றின் துளையை மட்டும்தான் அது அடைக்கும். கிட்டைப் பொறுத்து 4 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான துளை. பட்டைக்கு அடியில் இரும்புக் கம்பிப் பின்னல் இருப்பதால் அந்த இடம் அதிகம் வளையாது. திரவம் துளையில் உறைந்து நிற்க வாய்ப்புண்டு. பக்கவாட்டுச் சுவர் அப்படியல்ல. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது அது ஒருமுறை பிதுங்கி நிமிர்கிறது. அங்கே எது உறைந்தாலும் அடுத்த சுற்றில் பிய்ந்துவிடும். தவிர, காரின் எடையைத் தாங்கும் நூல்கள் ஓடுவது அந்தச் சுவருக்குள்தான். அவை அறுந்த டயரில் எப்படியோ காற்று நின்றாலும் அதை ஓட்டக் கூடாது, வெடித்துவிடும். பக்கவாட்டுக் கிழிசல், கைவிரல் நுழையும் ஓட்டை, பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம், வெடித்த டயர் இவை நான்கிலும் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். நேரமும் திரவமும்தான் வீணாகும்.

நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் வரும் பஞ்சர்களில் பெரும்பாலானவை ஆணி குத்தியவை. அதனால் அங்கே கிட் போதும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் போகும் சாலை வேறு. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் வந்தால் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். அந்த ஓரத்தில்தான் உடைந்த தார் விளிம்பும் கல்லும் கிடக்கின்றன. பக்கவாட்டில் அடிபடும் வாய்ப்பு இப்படிப்பட்ட இடத்தில்தான் அதிகம். மின்சாரக் கார் எடை கூடியது என்பதால் அடியும் பலமாகவே விழும்.

கிட்டை வீட்டு வாசலில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிஜமாகவே ஆணி குத்தினால் செய்ய வேண்டியது இதுதான். ஆணியைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் மிச்சக் காற்றும் போய்விடும். காரை 'ரெடி' நிலையில் (ஸ்டார்ட் செய்து, நகர்த்தாமல்) வைத்து, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, குழாயை வால்வில் திருகி மாட்டி மெஷினை ஓடவிடுங்கள். திரவம் வால்வுக்குள் போகும்போது மீட்டர் முள் மிக மேலே ஏறும். அரை நிமிடத்தில் தானே இறங்கிவிடும் என்பதால் பயந்து நிறுத்த வேண்டாம். 10 நிமிடத்துக்குள் காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ. வரவில்லை என்றால் குழாயைக் கழற்றிவிட்டு, சமதளமாக இருந்தால் காரைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி இன்னொரு முறை முயலுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் அந்தத் துளை கிட்டுக்கு அடங்காது. ஏறிவிட்டால் உடனே கிளம்ப வேண்டும்; திரவம் உள்ளே பரவுவது சக்கரம் சுற்றும்போதுதான். சில கிலோமீட்டர் மெதுவாகப் போய் நிறுத்தி அழுத்தத்தைப் பாருங்கள். 19 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கியிருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். நின்றிருந்தால் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மறுபடி அடித்துக்கொண்டு, 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் நேராகப் பஞ்சர் கடைக்குப் போங்கள். மெஷினைப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடும்.

பஞ்சர் கடைக்காரரிடம் உள்ளே திரவம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, கழுவித் துடைத்து, உள்பக்கம் பேட்ச் போட வேண்டும். வால்வோடு டி.பி.எம்.எஸ். சென்சார் இருந்தால் அதையும் துடைக்கச் சொல்லுங்கள். டயருக்குள் கறுப்பு ரப்பர் தூள் உதிர்ந்து கிடந்தால், காற்றில்லாமல் ஓடிப் பக்கச் சுவர் உள்ளே அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த டயரில் பேட்ச் போட்டுப் பயனில்லை.

உங்கள் தம்பி சொல்லும் யோசனையை ஏற்க வேண்டாம். முன்கூட்டியே ஊற்றிய திரவம் டயருக்குள் ஒரு பக்கம் தேங்கி வேகத்தில் ஸ்டீயரிங்கை அதிரச் செய்யும். சென்சாரின் துளையையும் அடைக்கலாம். ஆணி குத்தியதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டுவீர்கள், துளை வழியே ஈரம் புகுந்து கம்பிப் பின்னல் துருப்பிடிக்கும். இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு நேர்ந்த பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது உதவாது.

சக்கரம் வாங்குவதென்றால்

கணவர் சொன்னது சரியான திசை. ஆனால் கண்ணில் பட்ட பழைய ரிம்மை வாங்கிவிடக் கூடாது. முதலில் உங்கள் கார் கம்பெனியின் உதிரிபாகக் கவுன்டரில் கேளுங்கள். அதே மாடலின் பெட்ரோல் வகைக்கு ஸ்டெப்னி கொடுக்கிறார்கள் என்றால், அது உங்கள் காருக்கும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு வழியில்லை என்றால்தான் வெளியே தேட வேண்டும். அப்போது பார்க்க வேண்டியவை:

நட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் (கடையில் பி.சி.டி. என்பார்கள்) மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். நடுத்துளை சிறியதாக இருந்தால் சக்கரம் உட்காராது. அடுத்தது பிரேக். ஒரு அங்குலம் சிறிய ரிம் போட்டால் சில கார்களில் அது பிரேக் காலிப்பரில் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடிக்கும். நட்டுகளையும் பாருங்கள், அலாய் ரிம்முக்கான நட்டின் அடிப்பகுதி, இரும்பு ரிம்மின் குழியில் சரியாகப் பதியாமல் போகலாம். பதியாத நட்டு ஓட்டத்தில் தளரும்.

டயரின் மொத்த உயரம் மற்ற மூன்றுக்கும் நெருக்கமாக இருக்க வேண்டும். உங்கள் டயர் 215/60 ஆர்17 என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் உயரம் 690 மி.மீ. 205/65 ஆர்16 டயர் 673 மி.மீ. வரும், வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான், பஞ்சர் கடை வரைக்கும் தாராளமாகப் போதும். உயரத்தோடு எடை தாங்கும் எண்ணையும் பாருங்கள். அளவுக்குப் பக்கத்திலேயே 91, 94, 95 என்று அச்சிட்டிருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 95 என்றால் 690 கிலோ. உங்கள் காரில் இருக்கும் எண்ணைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள்.

பழைய டயராக இருந்தால் பட்டை தேயாததை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரை வாங்காதீர்கள். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை மாட்டச் சொல்லுங்கள். கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

வாங்கியதை டிக்கியில் சும்மா போட்டு வைக்காதீர்கள். இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை, எனக்குக் கவலை தரும் விஷயம் இது. ஒரு சக்கரம் 15 கிலோவுக்கு மேல் இருக்கும். 50 கி.மீ. வேகத்தில் மோதினால் அது தன் எடையைப் போல முப்பது, நாற்பது மடங்கு விசையோடு பின்சீட்டை இடிக்கும். பின்சீட்டின் முதுகை ஒட்டிப் படுக்கவைத்து, சரக்கு கட்டும் பட்டையை ரிம்மின் துளைகளுக்குள் விட்டு, டிக்கித் தரையில் இருக்கும் கொக்கிகளில் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளூரில் மட்டும் ஓட்டும் நாட்களில் அதை இறக்கி வீட்டிலேயே வைத்துவிடலாம். மற்ற டயர்களைவிட மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாக அடித்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

('ஸ்டெப்னி' ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாற்றுச் சக்கரத்துக்கு வந்த பெயர், நம் ஊர் மெக்கானிக்குகள் வாயில் இன்றும் நிலைத்திருக்கிறது.)

நீங்களே மாற்ற முடியுமா?

முடியும். உங்கள் காரில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கொடுத்திருக்க மாட்டார்கள், தனியாக வாங்க வேண்டும். நான்கு முனை கொண்ட ஸ்பேனரோ, கைப்பிடி நீளும் ஸ்பேனரோ வாங்குங்கள். பலம் குறைவாகப் போதும். ஒரு அடிச் சதுர மரப்பலகையும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் பலகை இல்லாமல் வைத்த ஜாக்கி சாயும்.

மின்சாரக் காரில் ஒரு எச்சரிக்கை: அடிப்பாகம் முழுவதும் பேட்டரி. ஜாக்கியைக் கதவுக்குக் கீழே விளிம்பில் குறித்திருக்கும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் பேட்டரிப் பெட்டி நசுங்கும்.

இன்னொரு தடையைப் பஞ்சர் கடையிலேயே நீக்கிவிடலாம். அங்கே காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கிவிடுவார்கள். நடுவழியில் யார் முயன்றாலும் கழறாது. டார்க் ஸ்பேனரால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), காரின் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களுக்கு அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

வீட்டு வாசலில் கணவரை உடன் வைத்துக்கொண்டு இரண்டு முறை பழகுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, முட்டு வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். பிறகு ஜாக்கி. கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கவைத்தால் ஜாக்கி நழுவினாலும் கார் அதன் மேல் நிற்கும். புதியதை மாட்டி நட்டுகளைக் கையால் குறுக்குக் குறுக்காக முறுக்கி, காரை இறக்கிய பிறகு முழுதாக இறுக்குங்கள். 50 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை. சிறிய சக்கரத்தை, மோட்டார் சுழற்றும் அச்சில் போடாமல் மற்ற அச்சில் போடுவது நல்லது. உங்கள் காரில் மோட்டார் முன்னால் என்றால், முன் டயர் கிழிந்தால் பின் சக்கரத்தை முன்னுக்கு மாற்றி, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள். வேலை இரண்டு மடங்குதான், பிடிமானம் மாறாது.

வளைவிலும் சரிவிலும் மட்டும் இதை எதையும் செய்ய வேண்டாம். டயர் போய்விட்டது என்று தெரிந்ததும் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, நடை வேகத்தில் சமமான, இரு பக்கமும் பார்வை தெரியும் இடம் வரை உருட்டிச் செல்லுங்கள். ரிம் கெட்டால் கெடட்டும், கொண்டை ஊசி வளைவில் நிற்பதைவிட அது மேல். இருட்டிவிட்டால் இறங்காதீர்கள்; அது யானை நடமாடும் காடு.

இன்சூரன்ஸும் இழுவை வண்டியும்

சாதாரண முழுக் காப்பீட்டில் டயர் மட்டும் கெட்டால் பணம் கிடைக்காது. அதே விபத்தில் காரும் சேதமானால் டயர் விலையில் 50 சதவீதம் வரை தருவார்கள். ஆகவே அவர்கள் மறுத்தது விதிப்படிதான். புதுப்பிக்கும்போது டயர் பாதுகாப்புச் சேர்க்கை உண்டா, பக்கவாட்டுக் கிழிசல் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சாலை உதவிச் சேவைக்கு இப்போதே போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். வால்பாறை மலைச்சாலைக்கு வருவீர்களா? எத்தனை கி.மீ. வரை இலவசமாக இழுப்பீர்கள்? காரை முழுதாக ஏற்றும் தட்டு லாரி அனுப்புவீர்களா? மூன்றாவது முக்கியம். மின்சாரக் காரின் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும், உள்ளே பழுது வரும். கொக்கி போட்டு இழுக்க விடாதீர்கள். 1033 தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண். வால்பாறைச் சாலை அதில் சேராது. ஆபத்து என்றால் 112.

கடைசியாக ஒன்று. போன மாதம் பாட்டில் முழுவதையும் செலுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்; புதியது வாங்கியதாக எழுதவில்லை. அப்படியானால் இப்போது உங்கள் காரில் ஸ்டெப்னியும் இல்லை, கிட்டும் இல்லை. உங்கள் மெஷினுக்குப் பொருந்தும் பாட்டிலையே கேட்டு வாங்குங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்துக் குறித்து வையுங்கள். சக்கரம் வாங்கச் சில வாரம் ஆகலாம். பாட்டிலை அடுத்த சனிக்கிழமைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.